உவைஸ் காக்காவின் கபாபும் முடுக்குச் சுவரும்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் மச்சி, அதாவது என் நாத்தனார், ரஹ்மத் நாச்சி. என் மூத்த மகனை முதல் தடவையாக துபாய்க்குப் பயணம் அனுப்பிவிட்டு, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்த அன்றைக்குச் சொன்னார். நாகர்கோவில் தாண்டியும் என் கண்ணீர் நிற்கவில்லை, ஓதிக்கொண்டு வந்த தஸ்பீஹில் எந்த மணியில் விட்டேன் என்றும் தெரியவில்லை. அப்போதுதான் மச்சி என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளி, "போதும் அழுதது. உனக்கு ஒரு கபாபுக் கதை சொல்றேன், கேளு" என்றார். வள்ளியூர் வருவதற்குள் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டேன். மகனைப் பிரிந்த அன்றைக்கே சிரித்தவள் என்று நன்மை தீமை எழுதுகிற மலக்குமார்கள் குறித்திருப்பார்கள். அதற்கு மச்சிதான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கடற்கரை ஊர்களில் சில தெருக்களுக்கு இரண்டு வழி உண்டு. முன்னால் ஆண்கள் நடக்கிற தெரு. பின்னால், கொல்லைப்புறங்களை ஒட்டி, ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிற அகலத்தில், பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கு. ஆணம் என்கிற குழம்பு கைமாறுவதும், கல்யாணம் பேசப்படுவதும், யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்கிற செய்தி சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெருக்கோடி வரை போய்ச் சேருவதும் அந்த வழியில்தான். இன்னொரு வழக்கமும் உண்டு, அதைச் சொன்னால்தான் கதை நடக்கும்: எங்கள் பக்கம் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்குக் கட்டில் உண்டு, மரியாதை உண்டு, பெரிய மீன்தலை உண்டு. வீடு மட்டும் கிடையாது, வீடு பெண்ணுடையது.

அப்படி ஒரு தெருவில் அக்காளும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். அக்காள் உம்மு ஹபீபா. வாயில் பொய் வராதவள், அதனாலேயே அதிகம் பேசாதவள். தங்கை மைமூன், பேசுவதற்கென்றே பிறந்தவள். ஹபீபாவின் மாப்பிள்ளை உவைஸ் காக்கா, தெருவுக்கே அண்ணன் முறை, சவூதியின் தம்மாமில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊரோடு வந்தவர். மைமூனின் மாப்பிள்ளை தைக்கா சாகிபு, ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு எதையும் போடாதவர்.

உவைஸ் காக்கா தம்மாமிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் சென்ட் பாட்டில்களுக்கு நடுவே ஒரு துண்டில் சுற்றி இரும்புக் கம்பிகள் இருந்தன. பழைய எண்ணெய் டின்னை நெடுக்க வெட்டிப் படுக்கப்போட்டு, சிரட்டைக்கரி கொட்டி, கொல்லையில் ஒரு அடுப்பு உண்டாக்கினார். வெள்ளிக்கிழமை தோறும் மாட்டுக்கறியைத் தானே வெட்டி, தானே மசாலா தடவி, தானே கம்பியில் கோர்த்து, சிங்காசனத்தில் இருக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுடுவார். கறியை முஷ்டி அளவுக்கு, நாரோடு நாராக வெட்டுவார். யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். அந்தக் கபாபைக் கடித்தவர்கள் கடித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சகலையை அழைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். தைக்கா சாகிபு மென்றார், மென்றார், பாங்கு சொல்லி முடிகிற வரைக்கும் மென்றார். பிறகு வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சகலை, தம்மாமுக்குப் போட்டுட்டுப் போன செருப்பை என்ன செஞ்சீங்க?"

"உமக்குப் பல்லு இல்லைன்னா ஊருக்கெல்லாம் பல்லு இல்லையா?"

"பல்லு இருந்துச்சு. இப்பத்தான் போச்சு."

அங்கே தொடங்கியது. கபாபிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் படிந்த புகைக்கு, புகையிலிருந்து யார் வந்த பிறகு இந்த வீடு வீடாக இருக்கிறது என்பதற்குப் போய், கடைசியில் நடுவில் சுவர் வைத்தால்தான் இருப்பேன் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். செங்கல் ஒருவர் வாங்கினார், சிமெண்டு இன்னொருவர் வாங்கினார். கொத்தனார் சுடலைமணி வழியாக அவர்கள் இருவரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். சுவர் கொல்லையில் தொடங்கி, முடுக்கைக் குறுக்கே வெட்டி, எதிர் மதிலில் போய் முட்டி நின்றது. இருவருக்கும் அந்த வீடுகளில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, மரியாதை ஒன்று இருக்கிறதல்லவா. பள்ளிவாசல் கமிட்டியில் பேச்சு வந்தபோது, முடுக்கில் எந்த ஆணும் நடப்பதில்லையாதலால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

அக்காளும் தங்கையும் ஒரு தட்டில் சாப்பிட்டுப் பழகியவர்கள். அதோடு மைமூனின் மகள் ரிஸ்மியாவுக்கு ஒரு சம்மந்தம் வந்து கூடுகிற நேரம் அது. மாப்பிள்ளையின் உம்மா ஜுலைகா மாமியை நான்கு ஊருக்குத் தெரியும். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. மகனை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிறவர் என்பதால், மகளைக் கொடுக்கிற தாய் மாதிரி அந்த வீட்டை மோந்து பார்த்துத்தான் கொடுப்பார். முன்பு ஒரு இடத்தில், பெண்ணுக்குச் சாச்சியும் பெரியம்மாவும் வேறுவேறு பாயில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து வந்தவர். "ரெண்டு பொம்பளைங்க ஒரு பாயில உக்கார முடியாத வீட்டுக்கு என் புள்ளைய அனுப்பமாட்டேன்" என்றாராம். பாய்க்கே அப்படியென்றால் சுவருக்கு என்ன சொல்வாரோ என்று மைமூன் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி அழுதாள். ரிஸ்மியாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. போட்டோவைக் குர்ஆன் வைக்கிற அலமாரியின் அடித்தட்டில், தையல் துணிகளுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

இந்தப் பக்கம் உவைஸ் காக்காவுக்குச் செருப்பு என்ற வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. கறி மிருதுவாக வேண்டுமென்றால் பப்பாளிக்காய் போட வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டார். மற்றவர்கள் தோல் சீவி, ஒரு விரல் அளவு அரைத்துப் போடுவார்கள். அவர் முழுப் பப்பாளிக்காயைத் தோலோடு, விதையோடு, பாலோடு அரைத்து, கறியில் கொட்டி, இரண்டு ராத்திரி ஊறப்போட்டார். பிறகு அடுப்பைச் சுவரோரமாகத் தள்ளிவைத்து, புகை அந்தப் பக்கம் போகட்டும் என்று விசிறியால் விசிறி விசிறிச் சுட்டார்.

பப்பாளிக்காயின் வேலை இளக்குவது. ஆனால் அந்தக் கறிக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. கறி முன்னைவிடக் கெட்டியானது. இளக்கம் மட்டும் புகையோடு கிளம்பி, நேரே போய், சுவரில் சாய்ந்துகொண்டது.

முதலில் போனது பூனை. ஹபீபாவின் வீட்டுச் சாம்பல் பூனை சுவரை நோக்கி நடந்தது, நிற்காமல் நடந்தது, வால் மட்டும் கொஞ்ச நேரம் சுவரில் முளைத்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. ஹபீபா பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிஸ்மி சொல்லி முடுக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மஸ்கோத்து அல்வாவில் விரல் இறங்குகிற மாதிரி கை முழங்கை வரை இறங்கியது. அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மைமூன், சுவரிலிருந்து லாத்தா ஹபீபாவின் பச்சை வளையலோடு ஒரு கை நீட்டியிருப்பதைக் கண்டு, கொடியை விட்டு வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"லாத்தா, சாப்பிட்டியா?"

சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது: "இன்னும் இல்ல. நீ?"

"நானும் இல்ல. வா."

அன்றைக்கு மத்தியானம் இருவரும் ஒரு தட்டில் சாப்பிட்டார்கள். அஸருக்குள் தெருக்கோடி வரை செய்தி போனது. ஆண்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு சுவரில் நடப்பது அந்தத் தெருப் பெண்களுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. ஈரத்தலையோடு போகக்கூடாது, சிமெண்டு ஒட்டும். ஆணத்தை மூடித்தான் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மணல் விழும். நடுவில் வாய் திறக்கக்கூடாது. ஒருத்தி நடுச்சுவரில் நின்று "அரிசி ஊறப்போட்டேனா" என்று கேட்டுவிட, அந்தக் கேள்வி உள்ளேயே தங்கி, மழைநாளில் சுவர் அதையே முனகிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு, ஊறப்போட மறந்தவர்கள் எத்தனையோ பேர் ஓடிப்போய் ஊறப்போட்டார்கள். விழுங்கிய கம்மலைச் சுவர் திருப்பித் தந்துவிடும், ஆனால் வேறொருத்தி வரும்போது தரும். பல வருஷமாகப் பேசாத இரண்டு பேர், ஒருத்தி இப்படி, ஒருத்தி அப்படி வர, சுவருக்குள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, யார் வழிவிடுவது என்று தீர்வதற்குள் மூச்சுமுட்டி, ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துச் சுற்றித்தான் வெளியே வர முடிந்தது. மார்க்கப்படி இது கூடுமா, கூடாதா என்று பெண்களுக்கு ஒரு சந்தேகம் வந்து, பள்ளிவாசல் லெப்பையின் மனைவி வழியாக, யார் வீடு என்று சொல்லாமல், லெப்பையிடம் கேட்டார்கள். அவர் தேநீர்க் கிளாசிலிருந்து தலையைத் தூக்காமல், "சுவருக்குள்ள போறதப் பத்திக் கிதாபுல ஒண்ணுமில்ல. ஆனா வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஸலாம் சொல்லணும். நடுச்சுவரு ரெண்டு வீட்டுக்கும் பொதுங்கிறதால, ரெண்டு ஸலாமாச் சொல்லச் சொல்லு" என்றார். ஆகவே இரண்டு ஸலாம்.

ஒரே ஒரு சிக்கல். புகை மணம் இருக்கிற வரைக்கும்தான் சுவர் இளகியிருக்கும். மணம் போனால் இறுகிவிடும். வெள்ளிக்கிழமை சுட்டால் சனிக்கிழமை காலையில் கல். அப்படியானால் உவைஸ் காக்கா தினமும் சுட வேண்டும். அதற்கு என்ன வழி? புகழ்வதுதான் வழி. முடுக்குப் பெண்கள் ஆளுக்கொரு தட்டை அனுப்பினார்கள். "காக்கா கபாபுக்கு மதுரையில இருந்து ஆள் வரணும்." "எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு கம்பி வேணுமாம்." உவைஸ் காக்காவின் நெஞ்சு நிமிர்ந்தது. வெள்ளி மட்டும் சுட்டவர் திங்கள், புதன் சுட்டார், பிறகு தினமும் சுட்டார். வாங்கிப்போன கபாபைக் கொட்டினால் பாவமல்லவா. எல்லா வீட்டிலும் அதைக் குக்கரில் போட்டு, விசில் ஓய்கிற வரைக்கும் விட்டு, ஆணமாக்கிச் சாப்பிட்டார்கள். ஹபீபா மட்டும் புகழமாட்டாள். "எப்படி இருக்கு?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "மணம் நல்லாருக்கு" என்பாள். அது உண்மைதான்.

ஜுலைகா மாமி வருவதாக நாள் குறித்துச் சொல்லியனுப்பினார், முடுக்கு வழியாகத்தான் வருவேன் என்றும் சொல்லியனுப்பினார். "முன்வாசல்ல எல்லா வீடும் பெருநாள் மாதிரித்தான் இருக்கும். நான் கொல்லையப் பாக்கணும்." மேற்குக் கோடியிலிருந்து வருகிறவர் ஹபீபாவின் பக்கத்திலிருந்து மைமூனின் பக்கத்துக்குப் போக வேண்டும். பெண்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள்: முடுக்குச் சுவரின் மேல் பூப்போட்ட ஒரு பெரிய படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவது, காலையிலிருந்தே உவைஸ் காக்காவைச் சுட வைப்பது, விரிப்பை விலக்குகிற மாதிரி விலக்கி மாமியை ஒரே நடையாக நடத்திக் கூட்டிப்போய்விடுவது. அவருக்குத் தெரியப்போவதே இல்லை.

அன்றைக்குக் காலையில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. புகை சுவரில் அழகாகச் சாய்ந்தது. மாமி சென்ட் மணக்க, இரண்டு மகள்களோடு வந்தார். ஹபீபா விரிப்பை விலக்கி, "பிஸ்மி சொல்லிக் கொஞ்சம் குனிஞ்சு வாங்க மாமி" என்றாள். மாமி குனிந்தார், தலை போனது, தோள் போனது.

அந்த நேரம் பார்த்துத் தைக்கா சாகிபு தன் கொல்லைக்கு வந்தார். அவருக்கு முடுக்கில் நடப்பது ஒன்றும் தெரியாது. மகளைப் பார்க்க வருகிற சம்மந்தியம்மாவின் மேல் சகலையின் புகை படுகிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது. என்ன இருந்தாலும் பெற்றவர். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி, சுவருக்கு மேலாக, குறி பார்த்து ஊற்றினார்.

அந்தப் பக்கம் 'புஸ்ஸ்' என்றது. கரி செத்தது. சுவர், இடுப்பளவில் ஜுலைகா மாமியை வைத்துக்கொண்டு, கல்லானது.

மைமூனின் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது.

"என்னம்மா இது, உங்க வீட்டுத் திரைச்சீலை இம்புட்டுக் கனமா இருக்கு?"

மாமி இரண்டு கையாலும் சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். நான்கு ஊர் பார்த்தவரல்லவா, புரிந்துகொண்டார்.

"மைமூனு. முடுக்குல சுவரா?"

பேசுவதற்கென்றே பிறந்த மைமூன் முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ரிஸ்மியா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று, போட்டோவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள்.

"யாரு வச்ச சுவரு?" என்றார் மாமி.

ஒரு கொல்லையிலிருந்து, "அவருதான்" என்று சத்தம் வந்தது. இன்னொரு கொல்லையிலிருந்தும், "அவருதான்" என்று சத்தம் வந்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. சம்மந்தம் ஆகுமா ஆகாதான்னு வெளிய வந்து சொல்றேன். இப்ப நான் தொழ நிக்கவேண்டிய கிப்லா முதுகுப்பக்கம் இருக்கு. மத்தியான லுஹரு போறதுக்குள்ள என்னை எடுத்துவிடணும். தொழுகை தப்பிப்போச்சுன்னா மறுமையில ரெண்டு வீட்டையும் விடமாட்டேன்."

சுடலைமணியைக் கூட்டிவந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சுவரை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "என் கலவையில குத்தமில்ல, முதல்லயே சொல்லிட்டேன். உடைச்சா சுவரும் மாமி இடுப்பும் சேந்துதான் வரும்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே போய்விட்டார். மாமியின் முன்பாதிக்கு ஒரு துப்பட்டி, பின்பாதிக்கு ஒரு துப்பட்டி போர்த்தினார்கள். முன்பாதிக்கு ஒரு நாற்காலி போட்டுக் கைவைத்துக்கொள்ளச் செய்தார்கள், பின்பாதியை இரண்டு மகள்களும் தாங்கிக்கொண்டார்கள். பெண்கள் வேறு வழியில்லாமல் சுவரின் ரகசியத்தை ஆண்களுக்குச் சொன்னார்கள்: புகை போட்டால் இளகும். உவைஸ் காக்கா திகைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. தைக்கா சாகிபு முன்தெரு வழியாகச் சுற்றி ஓடிவந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து கரியை ஊதினார். உவைஸ் காக்கா சட்டியைத் திறந்தார்.

மாமி மூக்கை உறிஞ்சினார். சட்டி இருந்தது பின்பாதியின் பக்கம், மூக்கு இருந்தது முன்பாதியின் பக்கம், ஆனாலும் போய்விட்டது மணம்.

"என்ன அது? பப்பாளிப் பாலு வாடை? எத்தனை நாளா ஊறுது?"

"ரெண்டு ராத்திரி, மாமி" என்றார் உவைஸ் காக்கா, பெருமையோடு.

"தூக்கித் தூர வை. அதை நெருப்புல காட்டுனா நெருப்பே கோவிச்சுக்கும். வேற கறி இருக்கா?"

இருந்தது. சம்மந்தியம்மா சொல்லை யார் தட்டுவது? அவர் சுவரில் இருந்தபடியே சொல்லச் சொல்ல இருவரும் செய்தார்கள்.

"நாருக்குக் குறுக்க வெட்டணும். நெல்லிக்காய் அளவு. முஷ்டி அளவு வெட்டுனது யாரு? அவருகிட்ட இருந்து கத்தியை வாங்கி இன்னொருத்தருகிட்டக் கொடு. இஞ்சி, பூண்டு, உப்பு, மிளகு, கொஞ்சம் தயிரு. தோல் சீவுன பப்பாளிக்காய் ஒரு கீத்து. ஒரே கீத்து. பிசைஞ்சு, மூடி வை. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணும் செய்யாம இருங்க."

"ஒண்ணும் செய்யாமலா?" என்றார் உவைஸ் காக்கா.

"அதுதான் கஷ்டம். இருங்க."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். சுவர் வைத்த பிறகு அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அதுதான் முதல் தடவை. ஊறிய கறியை ஒருவர் கோர்த்தார், ஒருவர் திருப்பினார். வெந்த முதல் துண்டை மைமூனின் பக்கத்துக்குக் கொண்டுபோக, ரிஸ்மியா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, ஊதி ஊதி ஆற்றி, மாமியின் வாயில் வைத்தாள். மாமி மென்றார். இரண்டே மெல்லில் கறி கரைந்துபோனது.

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமி. இன்னொன்றுக்கு வாயைத் திறந்தார்.

எல்லோரும் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். கல். முன்னைவிடக் கல்.

கம்பி கம்பியாகச் சுட்டார்கள். கபாபு வெண்ணெய் மாதிரி வந்தது. புகை நல்ல பிள்ளையாக வானத்துக்குப் போனது. சுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பள்ளிவாசலில் லுஹர் பாங்கு கேட்டது. மாமியின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. "அல்லாஹ்வே" என்றார், மெதுவாக.

ஹபீபாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கறி இளகினால் சுவர் இளகாது. இளக்கம் கறிக்குள் தங்கிவிடுகிறது, சுவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. இது இளக வேண்டுமானால் அந்த மனுஷர் அவர் கையால், அவர் வழக்கப்படி, அந்தச் சட்டியில் இருப்பதைச் சுட வேண்டும். அதை அவரிடம் சொல்ல வேண்டுமானால், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுப்பருகே வந்தாள்.

"இங்க பாருங்க. உங்க கபாபு கல்லு மாதிரி இருக்கும். என்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் சுவரு இளகுச்சு."

உவைஸ் காக்கா கம்பியைப் பிடித்தபடி இருந்தார். "தெருவுல எல்லாரும் தட்டு அனுப்புனாங்களே?"

"சுவத்துக்காக அனுப்புனாங்க."

"நீயும் நல்லாருக்குன்னியே."

"மணம் நல்லாருக்குன்னேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல."

தம்மாம் வெயிலில் பாதி ஆயுளை நின்றவர் அந்த நிழலில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் சிவந்தது, புகை என்று சொல்லலாம். அப்போது தைக்கா சாகிபு, தூரத் தூக்கிவைத்த பழைய சட்டியைத் தானே எடுத்துவந்து சகலையின் காலடியில் வைத்தார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கமெல்லாம் கரி.

"சகலை, எங்களால முடிஞ்சதெல்லாம் நல்ல கபாபுதான். எம் மவ கல்யாணம் உங்க கையிலதான் இருக்கு. கொஞ்சம் சுடுங்க."

உவைஸ் காக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "செருப்புன்னீரே."

"இப்ப அந்தச் செருப்புதான் வேணும்" என்றார் தைக்கா சாகிபு, மிகுந்த பணிவோடு.

முதலில் சிரித்தது சுவரில் இருந்த மாமிதான். அவர் சிரிக்க, சுவர் நெடுகிலும் அந்தச் சிரிப்பு ஓடியது. பிறகு உவைஸ் காக்கா எழுந்தார். முஷ்டி முஷ்டியாகக் கோர்த்தார், விசிறியை எடுத்தார், சகலையைத் தள்ளி உட்காரச் சொன்னார், அவருடைய வாழ்நாளிலேயே மிக மோசமான கபாபைச் சுட்டார். புகை எழுந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு வழக்கம்போல் நேரே போய்ச் சுவரில் சாய்ந்தது.

மாமி இரண்டு ஸலாம் சொல்லிவிட்டு, இளகிய சுவருக்குள் நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றி, ஒரே எட்டில் வந்துவிட்டார். வந்ததும் யாரிடமும் பேசாமல், கைகால் கழுவி உளூ செய்து, மைமூன் வீட்டு நடுக்கூடத்தில் கிப்லாவை நோக்கி நின்று லுஹரைத் தொழுதார். பின்னால் ஹபீபாவும் மைமூனும் ஒரே பாயில் நின்று தொழுதார்கள். ஸலாம் கொடுத்து முடித்து மாமி அந்தப் பாயை ஒரு பார்வை பார்த்தார்.

"சுவரு எழுப்புற ஆம்பளைங்க எங்க வீட்லயும் இருக்காங்க. அது ஒரு குறையில்ல" என்றார். "நடுவுல மாட்டிக்கிட்டா ரெண்டு பக்கமும் ஓடிவந்து தாங்குற வீடு எத்தனை இருக்கு? ஊதி ஊட்டிவிடுற பொண்ணு எத்தனை இருக்கு? என் புள்ளைய இங்கதான் தருவேன்."

உள்ளறையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. ரிஸ்மியாவின் கையில் தேநீர்த் தட்டு இருந்திருக்கிறது.

கொல்லைக்கு வந்து பார்த்தபோது புகை மணம் போயிருந்தது, சுவர் இறுகியிருந்தது. ஆனால் முன்பு மாதிரி மூடிக்கொள்ளவில்லை. அவ்வளவு நேரம் மாமியைச் சுமந்ததில் அவருடைய அளவு அதற்குப் பழகிப்போயிருந்தது. தலை, அகன்ற தோள், அதைவிட அகன்ற இடுப்பு, இடுப்பில் ஊன்றிய கையின் முழங்கை உட்பட, ஜுலைகா மாமி உருவத்தில் ஒரு திறப்பு சுவரின் நடுவில் நின்றது. சுடலைமணி மறுநாள் கலவையோடு வந்தார். மாமி சொல்லியனுப்பிவிட்டார்: "அதை அடைக்கிறவன் என்னை அடைக்கிறான்." மாப்பிள்ளையின் உம்மாவை அடைக்க எந்த வீட்டில் துணிவு இருக்கிறது? கலவை வீணாகாமல் லெப்பை வீட்டுப் படிக்கட்டுக்குப் போனது.

சுவரை எடுக்கவில்லை, ஆகவே சகலைகள் இருவருக்கும் தோல்வி இல்லை. முடுக்கில் வழி இருக்கிறது, ஆகவே பெண்களுக்கும் குறை இல்லை. மாமி அளவில் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லாததால் எல்லோரும் அதில் தாராளமாகப் போய்வருகிறார்கள், ஆணச் சட்டியோடு, கைக்குழந்தையோடு, கட்டிலோடுகூட. பழக்கம் விடாமல் இரண்டு ஸலாமும் சொல்கிறார்கள். கல்யாணத்தன்றைக்குப் பந்திக்குக் கபாபு சுட்டவர்கள் இரண்டு பேரும்தான். கறி வெட்டுவது மட்டும் தைக்கா சாகிபு, கத்தியை அவர் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை.

மச்சி இதைச் சொல்லி முடித்தபோது வேன் வள்ளியூரில் டீக்கடை முன்னால் நின்றது. நான் இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஜுலைகா மாமி அல்லாஹ்வின் கிருபையால் இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறார், எல்லாக் கல்யாண வீட்டுக்கும் வருகிறார், நீங்களும் எங்காவது பார்ப்பீர்கள். அவர் இடுப்பைப் பற்றி நான் சொன்னேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.